பழைய இரும்பில் பிறந்த மலைமிதிவண்டி

பெருநகரக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் மலைமிதிவண்டிகள் வரிசையாக நிற்கின்றன. தடித்த சக்கரங்கள், அடுக்கடுக்கான பற்சக்கரங்கள், முன்புறத்தில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் ஆகியவை கண்ணைக் கவர்கின்றன. விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்ததும் பிள்ளையும் பெற்றோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு. ஆயினும் இவ்வண்டி பிறந்த இடம் இத்தகைய கடை அன்று. பிறர் வேண்டாமென்று எறிந்த பழைய இரும்புக் குவியலில்தான் அது பிறந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது சான் பிரான்சிஸ்கோ நகரம். அங்கிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் என்னும் மாவட்டத்தை அடையலாம். அதன் நடுவே 784 மீட்டர் உயரமுள்ள டமால்பைஸ் மலை எழுந்து நிற்கிறது. காட்டுத்தீயை அணைக்கச் செல்லும் ஊர்திகளுக்காக அம்மலைப்பகுதியில் மண்பாதைகள் வெட்டப்பட்டிருந்தன. 1970களில் சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் முதலிய இளைஞர்கள் அப்பாதைகளில் மிதிவண்டி ஓட்ட விரும்பினர். அவர்களிடம் இருந்த பந்தய மிதிவண்டிகளின் மெல்லிய சக்கரங்கள் கற்களில் நொறுங்கிவிடும். ஆகவே 1930களிலும் 1940களிலும் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட பழைய ஷ்வின் வண்டிகளைத் தேடி எடுத்தனர். ஷ்வின் நிறுவனம் 1933ஆம் ஆண்டு இரண்டு அங்குலத்திற்கும் மேல் அகலமுடைய காற்றுச் சக்கரங்களை அறிமுகப்படுத்தியிருந்தது. எடை மிகுதி, ஒரே ஒரு பற்சக்கரம், துருப்பிடித்த உடல் என்று குறைகள் பல இருந்தாலும், அந்தச் சக்கரமும் தடித்த எஃகுச் சட்டகமும் மலைக்குப் பொருந்தின. அவ்வண்டிகளுக்கு அவர்கள் 'கிளங்கர்' என்று பட்டப்பெயர் வைத்தனர். தமிழில் 'லொடலொட வண்டி' என்று சொன்னால் பொருள் விளங்கும்.

1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகே அவர்கள் ஓர் இறங்குபோட்டி நடத்தினர். பாதையின் நீளம் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர், இறக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். பின்னர் நடந்த போட்டிகளில் ஃபிஷர் 4 நிமிடம் 22 நொடியில் இறங்கியதே அப்பாதையின் சாதனையாயிற்று. அப்பாதைக்கு 'ரீபேக்' என்று பெயர். 'மீண்டும் நிரப்பு' என்பது அச்சொல்லின் பொருள். எதை நிரப்புவது என்னும் கேள்விக்கான விடையில்தான் இப்பாடத்தின் உயிர் இருக்கிறது.

அப்பழைய வண்டிகளில் கைப்பிடியில் பிரேக் கிடையாது. மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரத்தின் குடத்திற்குள் உராய்வு ஏற்பட்டு வண்டி நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் அதை விடாமல் அழுத்தியபோது குடம் கொதித்தது. உள்ளேயிருந்த கிரீஸ் உருகிப் புகையாக வெளியேறியது. கீழே வந்து சேர்ந்ததும் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை நிரப்பினால்தான் மறுமுறை ஓட்ட இயலும். பாதையின் பெயர் இவ்வாறு வந்தது.

குடம் ஏன் கொதித்தது என்பதை அறிவியல் வகுப்பில் கற்ற கணக்கைக் கொண்டே அறியலாம். ஓட்டுபவர் 75 கிலோகிராம், வண்டி 20 கிலோகிராம், ஆக 95 கிலோகிராம் என்று கொள்வோம். இந்த எடை 400 மீட்டர் கீழே இறங்கும்போது 95 × 9.8 × 400, அதாவது 3,72,400 ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 20 பாகை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3,35,000 ஜூல் போதும். காற்றைக் கிழிப்பதிலும் தரையோடு உராய்வதிலும் செலவாகும் பகுதியைக் கழித்தாலும், எஞ்சியது முழுவதும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு குடத்திற்குள் வெப்பமாக இறங்கியது. மலையில் ஏறும்போது கால்கள் சேர்த்துவைத்த ஆற்றலை இறங்கும்போது பிரேக் செலவழித்தாக வேண்டும்.

இதனால் அவ்விளைஞர்கள் வண்டியை ஒவ்வொரு பகுதியாக மாற்றத் தொடங்கினர். உள்விரி பிரேக்குகளைப் பொருத்தினர். மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினர். ஏறுவதற்குப் பல பற்சக்கரங்களையும் அவற்றை மாற்றும் கருவியையும் சேர்த்தனர். வண்ணம் பூசி அழகுபார்ப்பதை அவர்கள் பெரிதாகக் கொள்ளவில்லை. 1977ஆம் ஆண்டு ஜோ பிரீஸ் புதிய எஃகுக் குழாய்களைக் கொண்டு, மலைக்கென்றே ஒரு சட்டகத்தைத் தம் கையால் செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும், டாம் ரிச்சி செய்த சட்டகங்களை வைத்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினர். 1981இல் தொழிற்சாலையில் பேரளவில் செய்யப்பட்ட வண்டி சந்தைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது. ஓட்டை வண்டிகளின் போட்டி உலக அரங்கை எட்ட இருபது ஆண்டுகளே ஆயின.

இதே வழியில் இந்தியாவில் இன்றும் ஒருவர் குறைந்த செலவில் நல்ல வண்டியை உருவாக்கிக்கொள்ள முடியும். டேராடூனில் வாழும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து முசோரிக்கு ஏறும் மலைச்சாலையின் ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். மாணவரும் வண்டியும் சேர்ந்து 60 கிலோகிராம் என்றால், ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 5,88,000 ஜூல். ரீபேக் பாதையில் வெளிப்பட்டதைவிட இது மிகுதி. தொலைவும் நேரமும் கூடுதலாதலால் வெப்பம் ஆறுவதற்கு வழியுண்டு. ஆனால் பிரேக் பழுதாக இருந்தால் அக்கணக்கு எவரையும் காப்பாற்றாது. எனவே கையில் உள்ள பணம் முதலில் எங்கே செல்ல வேண்டும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

வண்டியைத் தேர்தல்

பழைய பொருள்களை வாங்கி விற்பவரை வடமாநிலங்களில் கபாடிவாலா என்பர். சென்னையில் அக்கடைக்குக் காயலான்கடை என்று பெயர். அங்கும், குடியிருப்புகளின் மாடிப்படி அடியிலும் தூசி படிந்த மலைமிதிவண்டிகள் ஏராளம். வாங்கும்போது சட்டகத்தையே முதலில் ஆராய வேண்டும். மற்றப் பகுதிகள் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கைப்பிடித் தண்டு நுழையும் குழாயின் அடிப்பக்கத்தில் வண்ணம் சுருங்கியோ மெல்லிய கோடாக வெடித்தோ இருந்தால், அவ்வண்டி முன்பு எதன்மீதோ மோதியிருக்கக்கூடும். பற்றவைப்புகளை ஈரத்துணியால் துடைத்து விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விரிசல் கண்ட சட்டகத்தை இலவசமாகக் கொடுத்தாலும் ஏற்கக் கூடாது. இருக்கையைத் தாங்கும் தண்டு மேலும் கீழும் அசைகிறதா என்பதும் முக்கியம். பல ஆண்டுகள் துருவேறி இறுகிய தண்டை எடுக்க முயன்று சட்டகத்தையே இழந்தவர்கள் உண்டு. சட்டகத்தின் இருபுறமும் கால்களை ஊன்றி நின்றால் மேற்குழாய் உடலில் படாமல் சில சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். "வளர்கிற பிள்ளைதானே" என்று பெரிய வண்டியை வாங்கிக் கொடுப்பது சட்டைக்குப் பொருந்தலாம், மிதிவண்டிக்குப் பொருந்தாது.

பின்புறத்தில் தடித்த சுருள்வில் வைத்த மலிவு வண்டிகள் சிறுவர்களை எளிதில் மயக்கும். அந்த வில் எடையைக் கூட்டும். மிதிக்கும் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கும். அதன் மூட்டுகள் தேய்ந்தால் மாற்றுப் பகுதி கிடைப்பதும் அரிது. அதே விலையில் பின்வில் இல்லாத எளிய வண்டியே எல்லா வகையிலும் மேலானது. முன்கவட்டில் உள்ள மலிவான வில்லும் பெரும்பாலும் தோற்றத்திற்கே உதவுகிறது. அது பழுதாகிவிட்டால் அதே அளவுள்ள வில்லில்லாத எஃகுக் கவட்டை மாட்டிவிடலாம். வண்டியின் எடை குறையும், ஏறுவதும் எளிதாகும்.

உதிரிப் பகுதிகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பஞ்சாபின் லூதியானா நகரம் இந்திய மிதிவண்டித் தொழிலின் தலைமையிடமாக விளங்குகிறது. சென்னையிலும் 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் உண்டு. 26 அங்குலச் சக்கரத்திற்குரிய பொருள்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் வாங்கப் போகும்போது பழைய பகுதியைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. பின்பற்சக்கரங்களின் எண்ணிக்கை ஒன்று மாறினாலும் கியர் மாற்றும் பிடி அதனோடு ஒத்துழைக்காது.

நிறுத்தும் திறன்

விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கில் இரண்டு ரப்பர்க் கட்டைகள் சக்கர விளிம்பை இருபுறமும் அழுத்துகின்றன. கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. புதிய பிரேக் கட்டைகளின் விலை ஒரு குடும்பத்தின் ஒருநாள் சிற்றுண்டிச் செலவுக்குள் அடங்கிவிடும். வண்டி முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. பொருத்தும்போது கட்டை முழுவதும் விளிம்பிலேயே படிய வேண்டும். சற்று மேலே ஏறினால் அது டயரை அறுத்துவிடும். கட்டையில் புதைந்திருக்கும் சிறுகற்களையும் உலோகத் துகள்களையும் ஊசியால் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவை விளிம்பை அரத்தைப் போல அராவும்.

கட்டை புதியதாயினும் பிரேக் கம்பி துருப்பிடித்திருந்தால் பயனில்லை. பிடியை அழுத்தும்போது கனமாகவும், விடும்போது திரும்பத் தயங்குவதாகவும் இருந்தால் உள்கம்பியையும் அதன் உறையையும் சேர்த்து மாற்றுவதே சிறந்தது. கம்பி பிடியோடு சேரும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அக்கம்பியை நம்பக் கூடாது. பிடியை முழு வலிமையோடு அழுத்தினாலும் அது கைப்பிடியைத் தொடாமல் நிற்க வேண்டும்.

வட்டத்தகட்டு பிரேக் உள்ள வண்டியில் ஒரு கட்டுப்பாடு இன்றியமையாதது. தகட்டின்மீது எண்ணெய் ஒரு துளியும் படக் கூடாது. சங்கிலிக்கு எண்ணெய் தெளிக்கும்போது சிதறும் துளியை அதன் கட்டைகள் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கிறீச்சிடுமே தவிர வண்டி நிற்காது.

தரையைத் தொடும் பகுதி

டயரின் பக்கவாட்டில் அதன் அளவும், ஏற்றத்தக்க காற்றழுத்தத்தின் எல்லைகளும் அச்சிடப்பட்டிருக்கும். பி.எஸ்.ஐ. என்னும் அலகில் குறிக்கப்படும் அவ்வெல்லைகளுக்கு உள்ளேயே காற்றை வைத்திருக்க வேண்டும். கல்லும் மண்ணுமான பாதையில் கீழெல்லைக்கு அருகிலும், தார்ச்சாலையில் அதைவிடக் கூடுதலாகவும் வைத்தல் நன்று. காற்று குறைந்தால் டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். மிகவும் குறைந்தாலோ கல்லுக்கும் விளிம்புக்கும் இடையில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும். மலைமிதிவண்டிகள் பலவற்றில் மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற வால்வு இருக்கிறது. ஆதலால் பெட்ரோல் நிலையத்திலும் காற்றடிக்கலாம் என்பர். அங்குள்ள இயந்திரம் மிதிவண்டியின் சிறிய டியூபை நொடிப்பொழுதில் நிரப்பி வெடிக்கச் செய்துவிடக்கூடும். கையால் அடிக்கும் பம்பே பாதுகாப்பானது.

சக்கரம் கோணலாக ஆடினால் காரணம் பெரும்பாலும் ஆரக்கம்பிகளின் இறுக்கம் மாறியதே. வடநாட்டுக் கடைகளில் 'தீலி' என்று கேட்டு வாங்கும் கம்பி இதுதான். தமிழ்நாட்டுக் கடைகளில் இதனைப் போக்ஸ் கம்பி என்பார்கள். ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் உருண்டு திரண்ட வடிவம் அது. ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் மீட்டினால் அவை ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். தளர்ந்த கம்பி மந்தமாக முனகும். விளிம்பு இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில், வலப்பக்கக் குடத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்புவது கூடாது. பொறுமையற்றவர் கையில் பட்ட சக்கரம் முட்டை வடிவமாகிக் கடைக்குத்தான் போகும்.

சங்கிலியும் அளவுகோலும்

பிரேக் உயிரைக் காக்கிறது என்றால், சங்கிலி பணத்தைக் காக்கிறது. சங்கிலியின் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையிலுள்ள தொலைவு 12.7 மில்லிமீட்டர். ஆகவே இருபது இடைவெளிகளின் நீளம் 25.4 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். ஓடி ஓடி முளைகளும் அவை உட்காரும் துளைகளும் தேயும்போது இந்நீளம் கூடுகிறது. பள்ளிப் பையில் உள்ள அளவுகோலை ஒரு முளையின் நடுவில் வைத்து இருபது இடைவெளிகளை அளந்து பார்த்தால் உண்மை தெரியும். 25.6 சென்டிமீட்டரை எட்டிவிட்டால் சங்கிலியை உடனே மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால், நீண்ட சங்கிலி பற்சக்கரங்களின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அதன்பின் புதிய சங்கிலியைப் போட்டாலும் அது பழைய பற்களில் அமராமல் வழுக்கித் துள்ளும். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது அவ்வாறு நேர்ந்தால் ஓட்டுபவர் கீழே விழ நேரும். ஒரு சங்கிலியின் விலையோடு முடிய வேண்டிய செலவு மூன்று மடங்காவது இவ்வாறுதான்.

சங்கிலியைத் தேய்ப்பது ஓட்டம் மட்டுமன்று. எண்ணெயும் மண்ணும் கலந்த கரிய குழம்பு உப்புத்தாள் போல வேலை செய்கிறது. உலர்ந்த துணியால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மிதிகட்டையைப் பின்னோக்கிச் சுற்றினால் அழுக்கின் பெரும்பகுதி துணியில் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் இட்டு, சற்று நேரம் சென்றபின் வெளியில் தங்கியதை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது முளைக்குள். வெளியே பளபளப்பது தூசியை அழைக்கத்தான் பயன்படும். தையல் இயந்திர எண்ணெய் போதும். அடிக்கடி இட வேண்டியிருக்கும், அவ்வளவே. வீட்டில் எப்போதும் இருக்கும் தேங்காயெண்ணெயை நாடுவோர் உண்டு. வடநாட்டுக் குளிரில் அது புட்டியிலேயே உறைந்துவிடுவதைக் கண்டவர்கள் சங்கிலியில் அதன் கதியை எளிதில் ஊகிக்கலாம்.

வண்டி வலப்பக்கமாக விழுந்திருந்தால் பின்னாலிருந்து கியர் மாற்றியைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள இரண்டு சிறு உருளைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். உட்புறமாக வளைந்திருந்தால் பெரிய பற்சக்கரத்திற்கு மாற்றும்போது அது ஆரக்கம்பிகளுக்குள் சிக்கிச் சக்கரத்தையே முடக்கிவிடும். இதனை நிமிர்த்துவது கடைக்காரரின் வேலை.

ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் முடிந்தபின், சக்கரக் குடங்களைப் பிரித்துக் கிரீஸ் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் எஃகுக் குண்டுகளைத் தமிழ்நாட்டில் பால்ரஸ் என்று வழங்குவர். பிரிக்கும்போதே அவற்றை எண்ணி ஒரு கிண்ணத்தில் இட்டுக்கொள்ள வேண்டும். குண்டுகள் பளபளப்பாக இருந்தால் துடைத்துத் திரும்பப் போடலாம். புள்ளி விழுந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும். மரின் மாவட்டத்து இளைஞர்கள் ஓரிரு இறக்கங்களுக்கு ஒருமுறை செய்த வேலையை ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டியிருப்பது பிரேக்குகள் குடத்தை விட்டு வெளியே வந்ததன் பயன்.

இவ்வேலைகளுக்குத் தேவைப்படும் கருவிகள் மிகச் சில. 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் சாவிகள், ஆரக்கம்பிச் சாவி, 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், குடத்தைப் பிரிக்கும் மெல்லிய ஸ்பேனர்கள், பம்பு, டயரை நெம்பும் இரண்டு பட்டைகள், ஒட்டுப்போடும் ரப்பரும் பசையும் இருந்தால் போதும். மிதிகட்டையைக் கழற்றுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வலப்பக்கத்து மிதிகட்டை வழக்கம்போல் இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடப்பக்கத்து மிதிகட்டையோ வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்கும்போது தானே கழன்றுவிடாமல் இருக்க மரைகள் இவ்வாறு எதிரெதிராக வெட்டப்பட்டுள்ளன. இதை அறியாமல் வலிமையைக் காட்டினால் மரை அழியும்.

மலையிலிருந்து இறங்குமுன் வண்டியை நிறுத்தி இரண்டு பிடிகளையும் அழுத்திப் பார்க்க வேண்டும். சக்கர அச்சுகளின் இறுக்கத்தையும் கையால் சோதிக்க வேண்டும். இறங்கும்போது உடலின் எடை முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்குக்கே நிறுத்தும் வலிமை மிகுதி. ஆனால் அதை மட்டும் திடீரென்று பிடித்தால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கியெறியப்படுவார். இரண்டையும் சேர்த்து, வளைவு வருவதற்கு முன்னரே, விட்டுவிட்டு அழுத்த வேண்டும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே நின்று வெப்பம் ஆறவிட வேண்டும். அப்போது வட்டத்தகட்டையோ சக்கர விளிம்பையோ விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. ரீபேக் பாதையில் கிரீஸை உருக்கிப் புகையாக்கிய அதே வெப்பம் அங்கே இருக்கும்.